மணக்குடி ரெஜிஷாவின் நீலக் கிருமி

மணக்குடி ஏசுஅடிமையின் மகள் ரெஜிஷாவுக்குக் கடவுள் ஒழுங்காகக் கொடுத்தது வாய் ஒன்றைத்தான். இதை வேறு யாரும் சொல்லவில்லை, அவளேதான் சொல்வாள். படிப்பு சுமார், கையெழுத்து கோழி கிண்டியது, கணக்கில் பாஸானது புனித அந்தோணியார் போட்ட பிச்சை. வாய் மட்டும் அப்படியில்லை. பிறந்த அன்றைக்கே நர்சம்மாவைப் பிடித்து உட்கார வைத்து ஏதாவது விளக்கம் சொல்லியிருப்பேன் என்பாள். நாகர்கோவில் பக்கத்தில் ஒரு கல்லூரியில் பயோடெக்னாலஜி மூன்றாம் வருடம் படிக்கிறாள். அங்கே மாணவர் குழுவுக்கு அவள் கேப்டன் ஆனதும் அந்த வாயின் தயவில்தான்.

மதுரையில் சின்தெடிக் பயாலஜி போட்டி ஒன்று வருகிறது, ஐந்து பேர் சேர்ந்து ஒரு குழு அமைக்கலாம் என்று அறிவிப்பு வந்தது. ஆய்வகத்தில் உருப்படியாக வேலை தெரிந்தவன் சிஜின். சொட்டுத் தண்ணீர் சிந்தாமல் நாள் முழுக்கக் குழாயும் கிண்ணமுமாக நிற்பான். ஆனால் நாலு பேர் முன்னால் பெயரைக் கேட்டால் பதற்றத்தில் அவன் அப்பா பெயரைச் சொல்லிவிடுவான். மற்ற மூவரும் அதே ரகம். மைக்கைக் கண்டால் சிரிக்கிற ஒரே ஆள் ரெஜிஷா. அதனால் அவள் கேப்டன்.

அது என்ன பயாலஜி என்று ஊரில் கேட்டார்கள். ஞாயிறு பூசை முடிந்து வெளியே வந்த பெண்களைக் கோயில் வாசலில் நிறுத்தி வைத்து ரெஜிஷா சொன்னாள்: “கிருமி இருக்குல்லா, அதுக்க மரபணுவ வெட்டி ஒட்டி, அதுக்குப் புதுசா ஒரு வேலை படிச்சுக் குடுக்கது. அவ்வளவுதான்.” படிச்சுக் கொடுக்கிறது யார் என்று அவர்கள் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சிஜின் பெயரைச் சொல்ல வேண்டியிருந்திருக்கும். கேட்காதது அவளுக்கு வசதியாகப் போயிற்று.

அவர்கள் கிருமிக்குக் கொடுத்த வேலை இது. மீன் கெடத் தொடங்கும்போது அதில் ஒரு வாடைப்பொருள் உண்டாகும். மீனை அரைத்து வடிகட்டிய தண்ணீரைக் கிருமியின் மேல் விட்டால், அந்தப் பொருள் இருந்தால் கிருமி நீலமாக வேண்டும். மீன் நன்றாக இருந்தால் நிறம் மாறாமல் சும்மா கிடக்க வேண்டும். சந்தையில் மீன் வாங்குகிறவர்கள் ஏமாறாமல் இருக்கலாம் அல்லவா? ரெஜிஷா இதைச் சொல்லும்போது உலகத்து மீனெல்லாம் அவளுக்கு நன்றிக்கடன் பட்டது போலிருக்கும்.

சோதனைக்கு மீன் எங்கே வாங்குவது என்ற பேச்சு வந்தது. சந்தையில் வாங்கிக்கொள்ளலாம் என்றான் சிஜின். ரெஜிஷா அவனை ஒரு பிடி பிடித்தாள். கடற்கரைக்காரி இருக்கும்போது சந்தை மீனா? அப்பாவின் வள்ளத்தில் வந்த சாளை மீனே வரும். காலையில் வந்தது ஒரு டப்பா, அதே சாளையில் இரண்டு நாள் முன்னால் வந்து வீட்டில் வைத்துக் கெட்டது ஒரு டப்பா. ஆய்வகத்துக் குளிர்பெட்டியில் மீன் வைக்கக் கூடாது என்று துறையில் உத்தரவு இருந்ததால், வெட்டி மூடி வைத்துத் தரும் வேலையை அவள் அம்மா சகாயசெல்வியிடம் ஒப்படைத்தாள்.

முதல் சோதனையிலேயே நீலம் வந்தது. புது மீன் டப்பாவுக்கு ஒன்றுமில்லை. பழைய மீன் டப்பாவுக்கு நல்ல நீலம். மறுபடி செய்தார்கள், மறுபடியும் அதே. சிஜின் மட்டும், “வேற சில தண்ணியும் ஊத்திப் பாத்துருவோம். சும்மா சீனித்தண்ணி, உப்புத்தண்ணி” என்று இழுத்தான். அது செய்ய வேண்டிய சோதனைதான், பட்டியலிலும் இருந்தது. “இவ்வளவு தெளிவா வருகு, இதுல என்ன சந்தேகம் ஒனக்கு?” என்று அவன் வாயை அடைத்துவிட்டு ரெஜிஷா படம் எடுக்கப் போனாள். அந்தப் படத்தை எத்தனை பேருக்கு அனுப்பினாள் என்பதை இப்போது நினைத்தால் அவளுக்குக் காது சுடுகிறது.

போட்டியில் ஒரு விதி உண்டு. ஒரு குழுவின் முடிவை இன்னொரு கல்லூரிக் குழு தனியாகச் செய்து பார்த்துச் சொல்ல வேண்டும். அப்படிக் கூட்டுச் சேர்ந்தது சுசீந்திரம் பக்கத்துக் கல்லூரிக் குழு. தோவாளைச் சந்தையில் மிஞ்சிக் கொட்டுகிற பூவைச் சீக்கிரம் மக்க வைக்கும் கிருமி அவர்களுடையது. அவர்கள் கேப்டன் நந்தனா, அசல் சைவ வீட்டுப் பெண். மீனைக் குழம்பாகக்கூட அவள் பக்கத்தில் வைத்துப் பார்த்ததில்லை. பேச்சு குறைவு, வேலை அதிகம். ரெஜிஷாவுக்கு நேர் எதிர்.

பூக்கிருமியை ரெஜிஷாவின் குழு ஒரே தடவை செய்து பார்த்துவிட்டு, அருமை, பிரமாதம் என்று எழுதிக் கொடுத்துவிட்டது. நந்தனா அப்படியில்லை. வந்த கிருமியை வைத்துக்கொண்டு, எழுதிக் கொடுத்த செய்முறையை வரிவரியாகப் பின்பற்றினாள். பிறகு ரெஜிஷாவுக்குப் போன் செய்தாள்.

“நீலம் வரல்ல, ரெஜிஷா.”

“எப்பிடி வராம போகும்? எங்களுக்கு வருகே.”

“நீ எழுதித் தந்த மாதிரிதான் செஞ்சோம், பாத்துக்கோ.”

“ஏட்டி, மீனு எங்க வாங்கின?”

“வடசேரிச் சந்தையில. எங்க டீம் அபினேஷ்தான் போய் வாங்கினான்.” நந்தனா குரலைத் தாழ்த்திக்கொண்டாள். “எனக்குத் தொட அருவருப்பா இருந்துது. ஆனா ரெண்டு நாள் வெளிய வச்சு, அரைச்சதெல்லாம் நான்தான்.”

இது போதாதா? ரெஜிஷா தொடங்கிவிட்டாள். செவுளைத் தூக்கிப் பார்ப்பது எப்படி, கண்ணைப் பார்ப்பது எப்படி, சாளைக்கும் அயிலைக்கும் கெடுவதில் என்ன வித்தியாசம். “மீனைக் கெட வைக்கதுக்கும் ஒரு கைப்பழக்கம் வேணும், கேட்டியா” என்று முடித்தாள். அப்படி ஒரு கைப்பழக்கம் உலகத்தில் உண்டா என்று அவள் யோசிக்கவில்லை. வாய்க்கு வந்தது, சொன்னாள்.

நந்தனா மறுபடி செய்தாள். இந்தத் தடவை அவளே சந்தைக்குப் போய், மூக்கைத் துணியால் கட்டிக்கொண்டு, தன் கையாலேயே வாங்கினாள். நீலம் வரவில்லை. இன்னொரு தடவை செய்தாள். அப்போதும் வரவில்லை. சுசீந்திரம் பஸ்ஸில் அவள் பக்கத்துச் சீட்டில் உட்கார ஆளில்லாமல் போயிற்று. வீட்டுக்குள் நுழையுமுன் குளித்துவிட்டு வா என்று அவள் அம்மா கொல்லையில் வாளியோடு காத்து நின்றாள். ரெஜிஷா இதையெல்லாம் கேட்டு வயிறு வலிக்கச் சிரித்தாள். பாவம், பழக்கமில்லாத பிள்ளை என்று பரிதாபமும் பட்டாள்.

குழுக்கள் தங்கள் வேலையை எல்லோரும் பார்க்கும்படி இணையப் பக்கத்தில் எழுத வேண்டும். நீலம் வராத சங்கதியை மறைக்க முடியாது. ரெஜிஷா மிகவும் பெருந்தன்மையாக ஒரு வரி சேர்த்தாள்: ‘கூட்டுக் குழுவினருக்கு மீனைக் கையாள்வதில் போதிய அனுபவம் இல்லாததால் எதிர்பார்த்த முடிவு கிடைக்கவில்லை.’ எழுதிவிட்டு, யார் மனதும் புண்படாமல் எவ்வளவு நாசூக்காக எழுதியிருக்கிறேன் பார் என்று சிஜினிடம் காட்டினாள். சிஜின் வாசித்துவிட்டு ஒன்றும் சொல்லவில்லை. அவன் ஒன்றும் சொல்லாதபோதுதான் கவனிக்க வேண்டும் என்பது அவளுக்கு இத்தனை நாளாகியும் தெரியவில்லை.

நந்தனாவும் அதை வாசித்திருப்பாள். ரெஜிஷா போனில் அதைப் பற்றிச் சொன்னபோது “சரி” என்றாள். அவ்வளவுதான்.

அந்தச் சரி ரெஜிஷாவை என்னவோ செய்தது. இணையப் பக்கத்தை இனி மாற்ற முடியாதபடி பூட்டும் நாள் அடுத்து வந்த திங்கட்கிழமை. அதற்கு முன் ஞாயிற்றுக்கிழமை நந்தனாவை வீட்டுக்கு அழைத்தாள். மீனை எப்படி எடுத்து வைக்க வேண்டும் என்று கண்ணால் பார்த்துக்கொள்ளட்டும், கோபமும் தீரட்டும் என்பது அவள் கணக்கு.

சைவக்காரப் பெண் வருகிறாள் என்றதும் சகாயசெல்விக்குக் கைகால் ஓடவில்லை. வீட்டில் மீன் படாத சட்டி ஒன்றுகூட இல்லை. பக்கத்து வீட்டில் கேட்கலாம் என்றால் அவர்களும் மணக்குடிக்காரர்கள். கடைசியில் கடையில் போய்ப் புதுப் பானை ஒன்று வாங்கி, அதில் மரச்சீனிக் கிழங்கு அவித்து, தேங்காய்ச் சம்மந்தி அரைத்து, மட்டிப்பழம் ஒரு சீப்பு வாங்கித் தட்டில் வைத்தாள். அந்தத் தட்டையும் புதிதாக வாங்கினாள். நந்தனா வாசலில் செருப்பைக் கழற்றும்போதே, “எல்லாம் புதுசு மக்களே, ஒண்ணும் பயப்படாத” என்று சத்தியம் செய்தாள்.

சாப்பிட்டு முடித்ததும் பாடம் தொடங்கியது. கொல்லையில் சகாயசெல்வி கத்தியோடு உட்கார, ரெஜிஷா பக்கத்தில் நின்று, கோயிலைச் சுற்றிக் காட்டுகிற ஆள் மாதிரி ஒவ்வொன்றையும் விளக்கினாள். தலையை எடுப்பது இப்படி. குடலை எடுப்பது இப்படி. இரண்டு தண்ணீரில் அலசுவது இப்படி. நந்தனா முகத்தைச் சுளிக்காமல் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தாள். சகாயசெல்வி துண்டுகளை டப்பாவில் போட்டாள். அவள் கை தானாகப் பக்கத்தில் இருந்த பீங்கான் பரணிக்குள் போய், ஒரு பிடி அள்ளி, டப்பாவில் தூவி, ஒரு குலுக்கு குலுக்கி மூடியது. ரெஜிஷா அப்போது சாளையின் குணநலன்களை விவரித்துக்கொண்டிருந்தாள்.

“அம்மா, அது என்னது?” என்றாள் நந்தனா.

“எது? உப்பு மக்களே.”

“இன்னைக்கு மட்டும் போடுகீங்களா, எப்பவும் போடுவீங்களா?”

“எப்பவுந்தான். வெட்டின மீனுல உப்பு போடாம மூடி வைப்பாளா ஒருத்தி? மஞ்சளுந்தான் போடணும். நிறம் பாக்கணும்னு இவ சொன்னதுனால மஞ்சளை மட்டும் விட்டுட்டேன்.” மகளுக்குச் செய்த உதவியைச் சொல்லிக்காட்டுகிற பெருமை அவள் குரலில் இருந்தது.

ரெஜிஷா டப்பாவை எடுத்துத் திறந்து பார்த்தாள். “அம்மா, கெட வைக்கத்தானே சொன்னேன்?”

“கெடாமலா இருந்துது? கொஞ்சம் நாறத்தான் செஞ்சுது. அதுக்குன்னு ஒரேயடியா அழுக விட்டு, ஏசுஅடிமை வீட்டு மீனு புழுத்துப் போச்சுன்னு காலேஜில பேரெடுக்கணுமா? நான் எப்பிடி வெளிய தலைகாட்டுவேன்?”

“அப்பம் காலையில தருவியே, புது மீனு? அதுல?”

“அது நேரே கரையிலேருந்து வந்தது, நீ அப்பமே கொண்டு போற. அதுல எதுக்கு உப்பு?”

எல்லாம் விளங்கிவிட்டது. புது மீனில் உப்பில்லை, நீலமில்லை. பழைய மீனில் உப்பு, அதனால் நீலம். மீன் கெட்டதா இல்லையா என்று அந்தக் கிருமி எட்டிக்கூடப் பார்க்கவில்லை. ஐந்து பேர் ஒரு வருடம் பாடுபட்டு, உப்பு இருந்தால் நீலமாகிற ஒரு கிருமியைக் கண்டுபிடித்திருக்கிறார்கள். நாக்கு இருக்கிற எவருக்கும் தேவைப்படாத கண்டுபிடிப்பு.

ரெஜிஷா சிரிக்கப் பார்த்தாள். தன்னைத் தானே கேலி செய்துகொண்டால் எதிலிருந்தும் தப்பிவிடலாம் என்பது அவள் அனுபவம். “பாத்தியா நந்தனா, எனக்க சயன்ஸ் எனக்க அம்மைக்க உப்புப் பரணிக்குள்ள கிடக்கு” என்றாள். நந்தனா சிரிக்கவில்லை. அவள் கண் கலங்கியிருந்தது.

“நாங்க திரும்பத் திரும்பச் செஞ்சோம், ரெஜிஷா. நான் வாந்தி எடுத்துட்டு எடுத்துட்டு வந்து அரைச்சேன். நீ எழுதினத எங்க சார் வாசிச்சாரு. மதுரையில எங்க டீமுக்கு நான்தான் பேசணும்னு முதல்ல சொல்லியிருந்தாரு. இப்பம் அபினேஷ் பேசட்டும்னு மாத்திட்டாரு. ஒரு மீனை ஒழுங்கா வைக்கத் தெரியாதவ மேடையில என்ன பேசுவான்னு எல்லார் முன்னாலயும் கேட்டாரு.” அவள் துப்பட்டாவால் முகத்தைத் துடைத்தாள். “என்னைப் பேசுன்னு ஒருத்தர் சொன்னது அதுதான் முதல் தடவை.”

சகாயசெல்வி கத்தியைக் கீழே வைத்தாள். “ஏட்டி, இந்தப் பிள்ளையப் பத்தி நீ என்ன எழுதின?”

ரெஜிஷா சொன்னாள். அந்த நாசூக்கான வரியை அம்மாவின் முன்னால் வாய்விட்டுச் சொல்லும்போது அதில் நாசூக்கு ஒரு துளியும் இல்லை.

“மீனு நம்ம மீனு, உப்பு நம்ம உப்பு. பழி மட்டும் ஊரான் வீட்டுப் பிள்ளைக்கா?” என்றாள் சகாயசெல்வி. அதற்குமேல் மகளைத் திட்டவில்லை. கையைக் கழுவிவிட்டு வந்து நந்தனாவின் பக்கத்தில் உட்கார்ந்து, மட்டிப்பழத்தை ஒவ்வொன்றாக உரித்து அவள் கையில் கொடுத்துக்கொண்டே இருந்தாள். ரெஜிஷாவுக்கு ஒன்றுகூடக் கிடைக்கவில்லை. கேட்கிற முகமும் அவளிடம் இல்லை.

திங்கட்கிழமை காலையில் சிஜின் வெறும் உப்புத்தண்ணீரைக் கிருமியின் மேல் விட்டான். மீனுமில்லை, ஒரு மண்ணுமில்லை. இதுவரை வந்ததிலேயே அழகான நீலம் வந்தது. சிஜின் நல்லவன், அப்போதே சொன்னேனே என்று சொல்லவில்லை. ரெஜிஷா இணையப் பக்கத்தைத் திறந்து அந்த வரியை அழித்தாள். நடந்ததை நடந்தபடி எழுதினாள். எங்கள் கிருமி வேலை செய்யவில்லை, அதைக் கண்டுபிடித்தது நந்தனாவின் குழு என்று எழுதும்போது விரல் இரண்டு இடத்தில் தயங்கியது. ஆனாலும் எழுதினாள்.

பிறகு நந்தனாவின் சாருக்குப் போன் செய்தாள். அவர் முழுவதும் கேட்டார். “சரிம்மா, ஆனா பேர் கொடுத்தாச்சு. இனி மாத்தினா நல்லா இருக்காது” என்று வைத்துவிட்டார். அழிக்கிற வரியை அழித்துவிடலாம், அது ஒரு மனிதர் மனதில் போய் உட்கார்ந்த பிறகு அழிப்பதற்கு வழியில்லை என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. அன்று அவளுக்கு அழுகை வந்தது. தனக்காக அழுகிறோமா நந்தனாவுக்காக அழுகிறோமா என்று தெரியாமலே அழுதாள்.

ஒரு வழி பாக்கி இருந்தது. ஒரு குழு தனக்குக் கொடுத்த நேரத்தில் தன் கூட்டுக் குழுவிலிருந்து ஒருவரைப் பேச வைக்கலாம். ரெஜிஷா தன் இடத்தை நந்தனாவுக்குக் கொடுத்துவிடுகிறேன் என்றாள்.

“பேசத்தானே ஒன்னக் கேப்டன் ஆக்கினோம்” என்றான் சிஜின். “அதும் இல்லன்னா நீ எதுக்கு?”

“அதத்தான் நானும் யோசிக்கேன்” என்றாள்.

நந்தனா லேசில் சம்மதிக்கவில்லை. பரிதாபப்பட்டுத் தருவது வேண்டாம் என்றாள்.

“பரிதாபம் இல்லட்டி. நான் பேசினா இதையும் ஏதாவது சாமர்த்தியமா மாத்திப்புடுவேன். கடைசியில நாங்கதான் கெட்டிக்காரிகன்னு ஆயிரும். எனக்க வாயப் பத்தி எனக்குத் தெரியும். நீ பேசினாத்தான் உள்ளது உள்ளபடி வரும்.”

மதுரையில் பெரிய அரங்கம். ஏழெட்டு ஊர்க் கல்லூரிகள் வந்திருந்தன. நந்தனா மேடையேறினாள். ரெஜிஷா கீழே சிஜின் பக்கத்தில் உட்கார்ந்து, மடியில் கையைக் கட்டிக்கொண்டிருந்தாள். முதலில் நந்தனாவின் குரல் நடுங்கியது. பிறகு மீன், உப்பு, நீலம் என்று ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல நடுக்கம் போயிற்று. படம் காட்டினாள், உப்பின் அளவுக்கு ஏற்ப நீலம் கூடுவதைக் காட்டினாள். இவ்வளவு தெளிவாகத் தன்னால் பேசியிருக்க முடியாது என்று ரெஜிஷாவுக்குத் தெரிந்தது. அது கொஞ்சம் வலித்தது. நிறையச் சந்தோஷமாகவும் இருந்தது.

நடுவர்களில் வெள்ளை முடி வைத்த அம்மா ஒருவர் கேட்டார். “நல்லது. ஆனா இவ்வளவு நாள் உப்பைக் கவனிக்காம விட்டது எந்த டீமோட தவறு?”

நந்தனா ஒரு கணம் ரெஜிஷா இருந்த பக்கம் பார்த்தாள். “ரெண்டு டீமும் சேர்ந்து செஞ்ச வேலை, மேடம். மீனை எப்படி எடுத்து வைக்காங்கன்னு நாங்களும் முதல்லயே கேட்டிருக்கணும். எங்களுக்கு மீன் பத்தி அனுபவம் இல்ல. எங்க பக்கமும் தவறு உண்டு.”

முன் வரிசையில் உட்கார்ந்திருந்த நந்தனாவின் சார், நான் நினைத்தது சரிதான் என்பது போலத் தலையை ஆட்டினார். ரெஜிஷா அதைப் பார்த்தாள். பார்த்ததும் எழுந்துவிட்டாள். மைக் இல்லை, யாரும் அவளைக் கேட்கவுமில்லை.

“இல்ல மேடம். அவ எனக்காவ பொய் சொல்லுகா.”

அரங்கம் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. மணக்குடிப் பேச்சின் இழுவையைக் கேட்டு மதுரைப் பிள்ளைகள் சிலர் சிரித்தார்கள். அவள் முன்னிருக்கையைப் பிடித்துக்கொண்டு பேசினாள்.

“உப்பு எங்க வீட்டு உப்பு. டப்பாவுல என்ன இருக்குன்னு ஒரு நாளும் கேக்காதவ நான். உப்புத்தண்ணி ஊத்திப் பாக்க வேண்டாம்னு சொன்னவளும் நான். அவளுக்கு மீன் தெரியாதுன்னு எழுதினதும் நான்தான். இத்தனைக்கும் ஒழுங்காக் கெட்டது அவ மீனு மட்டும்தான், மேடம்.”

சிரிப்பு அடங்க நேரமாயிற்று. நடுவர் அம்மாவும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். நந்தனாவின் சார் சிரிக்கவில்லை. திரும்பி ரெஜிஷாவைப் பார்த்தார், பிறகு மேடையில் நின்ற தன் மாணவியைப் பார்த்தார். நந்தனா கீழே இறங்கி வந்தபோது எழுந்து நின்றார்.

“நந்தனா, மத்தியானம் நம்ம டீமுக்கும் நீயே பேசிரு” என்றார். “அபினேஷ்ட்ட நான் சொல்லிக்கிடுகேன்.”

மேடையில் அழாத நந்தனா அங்கே நின்று அழுதாள்.